பெயருக்கு விலையா, தேவைக்கு விலையா?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் கிரிக்கெட்டோடு பேஸ்பாலும் பேச்சில் அடிபடுகிறது. நம் சங்கத்து அங்கத்தினர்களில் பலர் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருப்பவர்கள். திரும்பி வந்ததும் அவர்கள் வியப்போடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பந்தை அடிக்கிற ஒரு ஆளுக்கு எழுபத்தாறு கோடி டாலரா? அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பைத்தியமா?"

2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர். இதைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் பெரிய பெரிய அணிகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழையும் இருக்கிறது. ஆட்டக்காரர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, அதில் பெரியவரை வாங்கப் போகிறார்கள். ஒப்பிட வேண்டியது அணியில் இருக்கும் குறையோடு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில், ஏலம் அல்ல

நமக்குத் தெரிந்தது ஐ.பி.எல். ஏலம். அங்கே ஆட்டக்காரர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களிடம் போயாக வேண்டும். எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணப்பை. 2025 பருவத்துக்கு அது 120 கோடி ரூபாய். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. அணிகள் செலவிடக் கண்டிப்பான உச்சவரம்பு கிடையாது; ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் "ஃப்ரீ ஏஜென்ட்" ஆகிறார். எந்த அணிக்குப் போவது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் ஓர் அணியில் கையெழுத்துப் போட்டவர் ஆயுள் முழுவதும் அந்த அணியின் சொத்துப் போலத்தான். 1969-இல் கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை செயின்ட் லூயிஸ் அணி அவரைக் கேட்காமலே பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். ஆனால் கதவு அசைந்துவிட்டது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், மெஸ்ஸர்ஸ்மித், மக்நாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்கள் விஷயத்தில் தந்த தீர்ப்பால் அது திறந்தது.

இருந்தாலும் இன்றும் ஒரு நிபந்தனை உண்டு. மேல்நிலை லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடிந்தால்தான் இந்த விடுதலை. 23, 24 வயதில் உள்ளே வருகிறவருக்கு அது 29, 30 வயதில் கிடைக்கிறது. அடிப்பவர்களின் உச்சம் பெரும்பாலும் 26-இலிருந்து 29-க்குள் என்பதை மனத்தில் வையுங்கள். உச்சத்தில் இருக்கும்போது சந்தையில் அவர் இல்லை. சந்தைக்கு வரும்போது உச்சம் தாண்ட ஆரம்பிக்கிறது. ஃப்ரீ ஏஜென்ட் கணக்கில் எல்லாத் தொல்லைகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சோட்டோவுக்கு அவ்வளவு விலை வந்ததற்கும் காரணம் இதுதான். அவர் 19 வயதிலேயே ஆட வந்துவிட்டதால், 26 வயதில் சந்தைக்கு வந்த அபூர்வப் பிறவி.

எதை அளப்பது?

கிரிக்கெட்டில் நாம் சராசரி பார்ப்போம். பேஸ்பாலிலும் ஒரு சராசரி உண்டு. நூறு வருஷமாக அதைத்தான் பார்த்தார்கள். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீச்சாளர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே போட்டுவிட்டால், அடிப்பவர் மட்டையை அசைக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். பொறுமையாக நின்று இப்படித் தளம் ஏறியதை அந்தச் சராசரி கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பேஸ்பாலில் ஓவர் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணிக்கு 27 அவுட்டுகள், அவ்வளவுதான் கைமுதல். அவுட் ஆகாமல் தளத்தில் நிற்பவர் அந்தக் கைமுதலைக் காப்பாற்றுகிறார். ஆகவே எத்தனை முறை தளத்தை எட்டினார் என்ற சதவீதம் சராசரியைவிட உண்மையான அளவு. பில் ஜேம்ஸ் போன்றவர்கள் 1970-களிலிருந்து எழுதி எழுதி இதை நிலைநாட்டினார்கள். இதோடு ஓர் அடியில் எத்தனை தளம் கடக்கிறார் என்ற பலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆளின் அளவு ஓரளவுக்குத் தெரியும்.

ஆனால் அந்த அளவும் இடத்துக்கு இடம் மாறும். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. பந்து தூரமாகப் பறக்கிறது. 2002-இலிருந்து பந்துகளை ஈரப்பதம் குறையாத அறையில் வைத்து எடுத்துத் தருகிறார்கள் என்றால் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் வலது மூலை வேலி 314 அடிதான். இடக்கை அடிப்பவருக்கு அது பெரிய வரம். பாஸ்டனில் இடது பக்கம் 37 அடி உயரச் சுவர் நிற்கிறது. மற்ற ஊர்களில் ஹோம் ரன் ஆகும் சில அடிகள் அங்கே சுவரில் மோதித் திரும்புகின்றன. ஓக்லாந்தின் பழைய மைதானத்தில் கோட்டுக்கு வெளியே காலியிடம் ஏராளம். வேறு ஊரில் கூட்டத்துக்குள் விழுந்து தப்பும் பந்து அங்கே பிடிபட்டு அவுட்.

அது தவிர இடக்கை, வலக்கை விவகாரம். பொதுவாக இடக்கை அடிப்பவர் வலக்கை வீச்சாளரை நன்றாக ஆடுவார். இடக்கை வீச்சாளரிடம் தடுமாறுவார். பிறகு அவர் எந்த இடத்தில் நின்று பந்து பிடிப்பவர்? ஷார்ட் ஸ்டாப், கேட்சர் இடங்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். முதல் தளத்துக்குக் கிடைப்பது சுலபம். இத்தனையும் பார்க்காமல் "சென்ற ஆண்டு 38 ஹோம் ரன்" என்று மட்டும் பார்த்து வாங்குவது, பயன்படும் இடத்தைப் பார்க்காமல் குதிரைத் திறனை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்குவது போல.

ரயில்வேக்காரர்களுக்கு இது புரியும். டபிள்யூ.ஏ.ஜி.9 என்ற சரக்கு எஞ்சினின் பல்சக்கர விகிதத்தை மாற்றிப் பிறந்ததுதான் டபிள்யூ.ஏ.பி.7 என்ற பயணிகள் எஞ்சின். சக்தி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று பாரம் இழுக்கும். மற்றொன்று வேகம் பிடிக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று எங்கள் ஷெட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். எந்த வண்டிக்கு என்றுதான் கேட்பார்கள்.

ஓக்லாந்து செய்த காரியம்

2001-இல் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 102-ஐ வென்றது. பருவம் முடிந்ததும் அவர்களுடைய தலைசிறந்த அடிப்பவர் ஜேசன் ஜியாம்பி ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். அந்த ஆண்டு 38 ஹோம் ரன் அடித்தவர். தளத்தை எட்டிய சதவீதம் 47.7. யாங்கீஸ் அவரை 7 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. ஜானி டேமன் 4 ஆண்டுகளுக்கு 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்குப் போனார். ஓக்லாந்தின் மொத்தச் சம்பளப் பட்டியலே சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸின் பட்டியல் அதைப்போல மூன்று மடங்கு.

ஜியாம்பிக்குச் சமமான ஓர் ஆளை அவர்களால் வாங்க முடியாது. அணியின் நிர்வாகி பில்லி பீன், அவருக்கு உதவியாக இருந்த பால் டிபோடெஸ்டா இருவரும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். ஜியாம்பி, டேமன், ஓல்மெடோ சயன்ஸ் ஆகிய மூவரின் இடங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். தளத்தை எட்டிய சதவீதம் முறையே 47.7, 32.4, 29.1. மூன்றின் சராசரி 36.4. ஒரு ஜியாம்பியைத் தேடுவது முடியாத காரியம். 36 சதவீதத்தை ஒட்டிய மூன்று பேரைத் தேடுவது முடிகிற காரியம்!

அப்படிக் கிடைத்தவர் ஸ்காட் ஹாட்டெபெர்க். பாஸ்டனில் கேட்சராக இருந்தவர். முழங்கை நரம்பு சேதமாகி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பந்தைச் சரியாக எறிய முடியவில்லை. பாஸ்டன் அவரைக் கொலராடோவுக்குத் தள்ளியது. கொலராடோ ஒப்பந்தமே தரவில்லை. எறிய முடியாத கேட்சர் யாருக்கு வேண்டும்? ஓக்லாந்துக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தேவை எறிவது அல்ல, தளம் ஏறுவது. சுமார் 9 லட்சம் டாலருக்கு அவரை எடுத்து, அதிகம் எறிய வேண்டாத முதல் தளத்தில் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நின்று பழக்கமில்லாத அவருக்குப் பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் பாடம் சொல்லிக் கொடுத்தார். 36 வயதை எட்டிக்கொண்டிருந்த டேவிட் ஜஸ்டிஸ் இன்னொருவர். பழைய நட்சத்திரம், கால் ஓய்ந்தவர், ஆனால் பொறுமையாக நின்று பந்தைப் பொறுக்கி ஆடுவார். மூன்றாவதாக நினைத்தவர் ஜேசனின் தம்பி ஜெரமி. ஏற்கெனவே அணியில் இருந்தவர். மே மாதமே அவரை பிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2002-இல் ஹாட்டெபெர்க் 37.4 சதவீதம், ஜஸ்டிஸ் 37.6 சதவீதம். அணி 103 ஆட்டங்களை வென்றது. நடுவில் தொடர்ந்து 20 வெற்றிகள். அந்த இருபதாவது ஆட்டம் 2002 செப்டம்பர் 4 அன்று நடந்தது. 11-0 என்று முன்னிலையில் இருந்து, எதிரணி 11-11 என்று எட்டிப் பிடித்த பிறகு, கடைசியில் ஹோம் ரன் அடித்து முடித்தவர் யார் தெரியுமோ? அதே ஹாட்டெபெர்க்தான்.

மைக்கேல் லூயிஸ் 2003-இல் இதைப் புத்தகமாக எழுதினார். 2011-இல் திரைப்படமும் வந்தது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். அந்த அணியில் ஹட்சன், மல்டர், ஸிட்டோ என்று மூன்று அருமையான வீச்சாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீச்சாளர் விருது ஸிட்டோவுக்கும், சிறந்த ஆட்டக்காரர் விருது அதே அணியின் டெஹாடாவுக்கும் கிடைத்தன. எடுத்த ஓட்டங்களோ 884-இலிருந்து 800 ஆகக் குறைந்தன. ஆகவே ஹாட்டெபெர்க் ஜியாம்பிக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வீச்சாளர்களை வைத்துக்கொண்டு வெல்ல எவ்வளவு அடி தேவையோ, அவ்வளவை அந்தப் பணத்துக்குள் வாங்கினார்கள். அதுதான் சாமர்த்தியம்.

யாங்கீஸ் ஏமாந்ததா? அதுவும் இல்லை. ஜியாம்பி இடக்கை ஆட்டக்காரர். 314 அடி வேலி அவருக்கு வாய்ப்பு. முதல் ஆண்டே 41 ஹோம் ரன் அடித்தார். பிறகு 2004-இல் உடல்நலம் கெட்டுப் பாதி ஆட்டங்களில்தான் ஆட முடிந்தது. அவர் இருந்த ஏழு ஆண்டுகளில் யாங்கீஸ் ஒருமுறைகூட உலகத் தொடரை வெல்லவில்லை; அவர் போன மறு ஆண்டான 2009-இல் வென்றது. அந்த ஏழு ஆண்டையும் ஓக்லாந்து தாங்கியிருக்குமா?

ஒரே மனிதர், இரண்டு ஒப்பந்தங்கள்

இதைவிடத் தெளிவான உதாரணம் ஆல்பர்ட் புஹோல்ஸ். 2001 முதல் 2011 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 11 ஆண்டுகள் ஆடி 445 ஹோம் ரன். மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது. இரண்டு உலகத் தொடர் வெற்றிகள். 2011 டிசம்பரில், 32 வயதை நெருங்கும்போது, ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. கொடுத்த பணம் கடந்த 11 ஆண்டுகளுக்கு. வாங்கியதோ வரப்போகும் 10 ஆண்டுகளை.

பழைய புஹோல்ஸ் திரும்ப வரவில்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். அந்தப் பத்தாண்டில் ஏஞ்சல்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குப் போனது 2014-இல் ஒரே ஒரு முறை. கார்டினல்ஸ் என்ன செய்தது? புஹோல்ஸுக்குப் பதில் இன்னொரு புஹோல்ஸைத் தேடவில்லை. 34 வயதான கார்லோஸ் பெல்ட்ரானை 2 ஆண்டுகளுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் 2012-இல் 32 ஹோம் ரன் அடித்தார். புஹோல்ஸ் போனதற்கு ஈடாகக் கிடைத்த தேர்வு உரிமையில் மைக்கேல் வாக்கா என்ற இளம் வீச்சாளரை எடுத்தது. 2013-இல் உலகத் தொடர் வரை போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் "வயதானவரை வாங்காதே" என்ற பாடத்தோடு போயிருக்கும். அது முழுப் பாடம் அல்ல. 2022-இல் விதி மாறியது. அதுவரை நேஷனல் லீக்கில் வீச்சாளரே மட்டை பிடிப்பது வழக்கம். இனி பந்து பிடிக்க வராமல் அடிக்க மட்டும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கார்டினல்ஸுக்கு இடக்கை வீச்சாளர்களை அடிக்க வலக்கை ஆள் ஒருவர் தேவை. 42 வயது புஹோல்ஸை 25 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கூட்டி வந்தார்கள். பெரும்பாலும் அந்த ஒரு வேலைக்குத்தான் அவரை இறக்கினார்கள். அவர் 24 ஹோம் ரன் அடித்தார். வாழ்நாள் கணக்கு 703-ஐ எட்டியது. அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

24 கோடி கொடுத்தவர்களுக்குப் பாரமானவர், 25 லட்சம் கொடுத்தவர்களுக்கு லாபமானார். வித்தியாசம் விலையில் மட்டும் என்று எண்ண வேண்டாம். முதல் அணி பெயரை வாங்கி, அந்தப் பெயருக்கு ஏற்ற எல்லா வேலையையும் அவரிடம் எதிர்பார்த்தது. இரண்டாவது அணி தன் குறையை அளந்து, அந்த அளவுக்கு ஆளைப் பொருத்தியது.

ஆட்டக்காரர் பக்கம்

"இந்தக் கணக்கெல்லாம் முதலாளிக்குச் சாதகம்தானே?" என்று தொழிற்சங்க நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 30 வயதுக்கு மேல் ஆள் தேய்வான் என்று எல்லா அணிகளும் கணக்குப் போட ஆரம்பித்தால், நடுத்தர ஆட்டக்காரருக்கு முதல் ஆறு ஆண்டும் உரிய கூலி இல்லை, பிறகும் இல்லை என்றாகிவிடும். யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2017-இல், தம் முதல் முழுப் பருவத்தில், 52 ஹோம் ரன் அடித்தபோது வாங்கியது குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைதான். 2022-இல் 62 ஹோம் ரன் அடித்த பிறகு, 30 வயதில்தான், 9 ஆண்டுகளுக்கு 36 கோடி டாலர் கிடைத்தது. அந்த 36 கோடியில் ஒரு பங்கு 2017-க்கான பாக்கி என்று கொள்வதில் தவறில்லை.

ஆகவே பெரிய தொகை வாங்கும் ஆட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். பிழை கேட்டவரிடம் இல்லை. ஆறு ஆண்டுக் காத்திருப்பைக் குறைத்து, உழைக்கும் வயதிலேயே கூலி கிடைக்கச் செய்தால், பழைய புகழுக்கு இப்படி மொத்தமாகப் பணம் கொட்ட வேண்டியிராது. இரு தரப்புக்கும் அதுவே நல்லது.

சோட்டோ கணக்கு

இனி ஆரம்பத்துக் கேள்வி. 2025-இல் சோட்டோ மெட்ஸுக்காக 43 ஹோம் ரன் அடித்தார். அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அணி 83 ஆட்டங்களையே வென்று, இறுதிச் சுற்றுக்கு நுழையாமல் வெளியேறியது. ஓட்டை இருந்தது பந்து வீச்சில். சோட்டோவை இழந்த யாங்கீஸ் அந்தப் பணத்தைப் பிரித்தது. வீச்சாளர் மாக்ஸ் ஃப்ரைட், முதல் தளத்துக்கு 37 வயது பால் கோல்ட்ஷ்மிட் ஓராண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலரில், ஆட்டக்காரர் மாற்றத்தில் கோடி பெல்லிஞ்சர் என்று குறைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 94 வெற்றி. பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தை ஓர் ஆண்டை வைத்துத் தீர்மானிக்க முடியாதுதான். 26 வயது ஆளுக்குக் கொடுத்த பணம் என்பதால் புஹோல்ஸ் கதையே திரும்பும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு நல்ல ஆட்டக்காரரும் தான் இல்லாத இடத்து ஓட்டையை அடைக்க முடியாது.

என்னிடம் ஓர் அணியைக் கொடுத்தால் (கொடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்) இந்த வரிசையில்தான் போவேன். நம் அணி எங்கே ஓட்டம் இழக்கிறது, எந்த வீச்சாளரிடம் திணறுகிறது என்று முதலில் பார்ப்பேன். அதை அடைக்க எவ்வளவு அளவு தேவை என்று எழுதி வைப்பேன். நம் மைதானத்தில் அந்த ஆளின் அடி எப்படி விழும், அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் வயது என்ன ஆகும் என்பது அதற்கடுத்து. அவர் பெயரையும் விலையையும் கடைசியில்தான் பார்ப்பேன். ஸ்டோர்ஸுக்கு இண்டென்ட் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தேவையை எழுதாமல் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதிய இண்டென்ட் எந்த ஆபீசிலும் திருப்பி அனுப்பப்படும்.

நம் அங்கத்தினர்கள் அடுத்த முறை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது, யாருக்கு எத்தனை கோடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த ஆளை அணி எந்த வேலைக்கு எடுத்தது என்றும் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் இன்னும் சுவையாக இருக்கும். 42 வயதிலும் தனக்கென்று ஒரு வேலை காத்திருந்த புஹோல்ஸை நினைத்தால், ஓய்வு பெற்ற நமக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.